ரெண்டாவது ஆள்

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தயாளன் குழாயை மூடவில்லை. மூடினால், உள்ளே இருப்பவன் குளிக்கவில்லை என்று வெளியே தெரிந்துபோகும். மூடாவிட்டால், வெளியே நடப்பது உள்ளே கேட்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பண்ணி, தண்ணீர் நூலாக இறங்குகிற அளவுக்குக் குழாயைத் திருகி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தலையுமாகக் குளியலறைக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். நாற்பத்திரண்டு வயது ஆள், பால்பண்ணைப் பக்கம் டயர் கடையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டின பெண்டாட்டியை வேவு பார்க்கிற லட்சணம் இது. பிளாஸ்டிக் கதவு காதில் சில்லென்று இருந்தது. அடுப்படியில் சுகந்தி என்னவோ நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயமாக இருக்கும். கறி வாங்கிவந்து கொடுத்தாயிற்று, எலும்பு ஜாஸ்தி போட்டுவிட்டான் கடைக்காரன், கேட்டால் அண்ணே உங்களுக்குப் போய் அப்படிச் செய்வேனா என்கிறான், எனக்குத்தான் செய்வான், வேறு யாருக்குச் செய்வான். அதை விடு. ஹாலில் டி.வி. ஸ்டாண்டின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டில் அவன் போன். சும்மா வைத்ததில்லை அது. மரப்பலகையில் வைத்தால் போன் உதறுவது கேட்காது, தட்டில் கேட்கும். தட்டு அங்கே ஏன் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று நாலு பூண்டுப் பல்லையும் அதில் போட்டு வைத்திருந்தான். போனைத் திறக்கிற பேட்டர்னைக் காலையில் மொட்டை மாடியில் நின்று மாற்றிவிட்டான். பழைய பேட்டர்ன் ப என்ற எழுத்தைப் போடுகிற மாதிரி, சின்னப் பிள்ளையும் போட்டுவிடும், அவளுக்கும் தெரியும். புதியது எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று அவனுக்கே மறந்து மறந்து போனது. தப்பாகப் போட்டால் போன் ஒரு உதறு உதறும். அந்த உதறலுக்காகத்தான் இந்தத் தவம்.

எல்லாம் அவள் திட்டுவதை நிறுத்தியதில் ஆரம்பித்தது. அதுவரைக்கும் நன்றாகத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் டி.வி.யில் ஒரு பெட்டியை மாட்டி, கேசட்டைச் சொருகி ஆடினார்களே வீடியோ கேம், அந்தப் பெட்டியும் கேசட்டும் எல்லாம் போனுக்குள்ளேயே இருப்பதாகப் பாசாங்கு பண்ணுகிற ஒரு ஆப் இருக்கிறது, எமுலேட்டர் என்று பெயர். எங்கிருந்தோ தேடி இறக்கிக்கொண்டான். அம்புக்குறிகளும் பட்டன்களும் கண்ணாடி மேலேயே வரும், கட்டைவிரலால் அழுத்த வேண்டும், விரல் வியர்த்தால் வழுக்கும். அவன் ஆடுவது ஒரே ஒரு ஆட்டம். தொப்பி போட்ட குள்ளன் ஒருத்தன் குகைக்குள் போவான், வௌவால் வரும், கயிற்றுப் பாலம் வரும். அதன் பெயர் ஜப்பான் எழுத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியாது, அவன் அண்ணன் கிருபாகரன் குகை என்று வைத்தது, குகை என்றே நின்றுவிட்டது. கடையிலிருந்து வந்ததும் குகை, சாப்பிட்டுக்கொண்டே குகை. மீசையில் நரை வந்தாச்சு, இன்னும் குள்ளனைக் குதிக்க விட்டுக்கிட்டு இருக்கார் என்பாள் சுகந்தி. சோறு ஆறுது என்பாள். அந்தக் குகைக்குள்ளயே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்க வேண்டியதுதானே என்பாள். அவன் ம் என்பான். அந்தத் திட்டு காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது என்று மனசுக்கு இதமாக இருக்கும், அதை அவன் வெளியே சொன்னதில்லை. ஒரு மாதம் இருக்கும், ஒருநாள் தட்டை அவன் முன்னால் வைத்தாள், போனை எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தான் கேட்பதை நிறுத்துவார்கள். இந்த ஆள் இனி நமக்கு இல்லை என்று முடிவு கட்டினவர்கள்தான் சோறு ஆறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பார்கள். இருக்கட்டும், வேறு காரணம் இருக்கலாம், தலைவலி, வேலை. ஒரு மாதமாகவா தலைவலி.

கண்ணில் கொசு மாதிரி ஏதோ விழுந்தது, கசக்கினான். வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் ஆரம்பித்தது. வாளிக்குள் ஒரு சொம்பை முக்கி, குளிக்கிறவன் மாதிரித் தரையில் ஊற்றினான், காலில் பட்ட தண்ணீர் ஐஸாக இருந்தது. அந்த ஜெயசீலன் சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பெரிய ஆஸ்பத்திரி லேபில் சுகந்தியோடு வேலை பார்க்கிற பையன், பையன் என்ன பையன், முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, பல்லைக் காட்டிக்கொண்டே பேசுவான். அவளைக் கூட்டிவரப் போனபோது வண்டி நிறுத்துகிற இடத்தில் பார்த்து, அண்ணே வாழ்த்துகள், அக்காவுக்குக் கிருஷ்ணகிரி வந்திருக்காமே, ப்ரமோஷனோட என்றான். தயாளன் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான். ஆமாம்ப்பா, பார்ப்போம் என்றுகூடச் சொன்னான். போன தடவை இதே ப்ரமோஷன் புதுக்கோட்டைக்கு வந்தபோது அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாள், வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேங்க, தினமும் யாரு பஸ்ஸுல போய் வர்றது என்று. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. நாளைக்குள் விருப்பமா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம், அதையும் அந்த ஜெயசீலன்தான் சொன்னான். கிருஷ்ணகிரி எங்கே இருக்கிறது, உறையூர் எங்கே இருக்கிறது. கடையை விட்டுவிட்டு இவன் போக முடியாது. அவள் போனால் போனதுதான். முதலில் வாரம் ஒருமுறை வருவாள், அப்புறம் மாதம் ஒருமுறை, அப்புறம் தீபாவளி. இந்த இரண்டு அறையில் இவன் மட்டும் குகையை ஆடிக்கொண்டு, மெஸ் சாம்பாரைக் குடித்துக்கொண்டு. பயமாக இருந்தது அவனுக்கு. நேராகப் போய்க் கேட்டிருக்கலாம், என்னம்மா கிருஷ்ணகிரியாமே என்று. கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும், சொல்கிறாளா பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டான். தினமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் சில நேரம் இவன் முகத்தைப் பார்த்தாள். ரசம் போடவா என்றாள். போடு என்றான்.

நேற்றுச் சாயங்காலம்தான் அந்தப் படங்கள் கண்ணில் பட்டன. அந்தக் காலத்துப் பெட்டியில் ஆளுக்கு உயிர் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும், கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எமுலேட்டரில் அப்படியில்லை, எந்த இடத்தில் நின்றாலும் அந்த நிமிஷத்தை அப்படியே உறைய வைத்துச் சேமித்துக்கொள்ளலாம், அடையாளத்துக்கு ஒரு சின்னப் படமும் இருக்கும். தயாளனுக்கு என்று மேலே ஒரு கட்டம், அதில் அவன் குள்ளன் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பான். ஆட்டத்தை மூடுகிறபோதெல்லாம் அந்த ஆப் தானாகவும் ஒரு படத்தை எடுத்துக் கீழே போட்டுவைக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. நேற்று விரல் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. வரிசையாகப் படங்கள். முதலில் எல்லாம் தன்னுடையவை என்றுதான் நினைத்தான். இல்லை. அவன் குள்ளனுக்கு நீலத் தொப்பி, எப்போதும் தனியாகத்தான் போவான். நடுநடுவே சில படங்களில் நீலத் தொப்பிக்குப் பக்கத்தில் சிவப்புத் தொப்பி ஒன்று நின்றது. ரெண்டு ஆள். இது ரெண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஒரு படத்தில் நீலம் குதித்துக்கொண்டிருந்தது, இன்னொன்றில் வௌவாலுக்குக் கீழே குனிந்திருந்தது, வேறொன்றில் நீலமும் சிவப்பும் உடம்பு ஒட்டப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டோரில் கணக்குக்கு மேல் ஒரு டயர் இருந்தால் ஏற்படுகிற கலக்கம், குறைந்தால்கூட அவ்வளவு இருக்காது. தன் போனில், தன் குகையில், தான் இல்லாமல் ரெண்டு பேர் ஆடியிருக்கிறார்கள். ஒருத்தி சுகந்தி. வீட்டில் வேறு யாரும் இல்லை, பேட்டர்னும் அவளுக்குத்தான் தெரியும். அந்த இன்னொரு ஆள் யார்.

ரெண்டு ஆள் என்றால் ரெண்டு ஆள்தான், அதில் என்ன சந்தேகம். ஒரு போனில் ரெண்டு பேர் எப்படி ஆடுவது என்று கேட்டால், அதற்கும் வழி இருக்கிறது, செட்டிங்கில் போனால் கண்ணாடியின் ரெண்டு முனையிலும் பட்டன் வைத்துக்கொள்ளலாம், கேரம் போர்டில் உட்காருகிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம். போய்ப் பார்த்தான், அது போடப்படாமல் அணைந்திருந்தது. அணைந்திருந்தால் என்ன, ஆடி முடித்துவிட்டு அணைத்திருப்பார்கள், விவரமான ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது கூட்டத்தில் எவனாவது அடித்துவிடுவான் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். இரண்டு வாரத்துக்கு முந்தி அப்படிப் போய்விட்டு வந்தபோது ஜெயசீலன் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். ரிட்டையர்மென்ட் பார்ட்டி போட்டோவைக் கொடுக்க வந்தானாம். போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினால் வராதா. அன்றைக்குக் கறிக்கடையில் கூட்டம், வெகுநேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் ஒரு காபியைக் குடித்தானா. இந்த நாற்காலியில் அவன், அந்த நாற்காலியில் அவள், நடுவில் என் போன், ரெண்டு தலையும் குனிந்து. இவள் சிரித்திருப்பாள், எங்க வீட்டுக்காரருக்கு இதுதான் உலகம் என்று காட்டிக் கொடுத்திருப்பாள். அதனால்தான் திட்டுவதில்லை. அதனால்தான் கிருஷ்ணகிரி. அவனும் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் கேட்டிருப்பானோ. சே, கண்டதை நினைக்காதே. ஆனால் கேட்டிருந்தால். ஜெயசீலனுக்குக் கல்யாணமாகி ரெண்டு பெண் குழந்தைகள், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று கூப்பிடுவது ஒரு வசதி. தயாளனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்தும் அந்த நினைப்பு நிற்கவில்லை, வழுக்குகிற விரல் மாதிரி வேண்டாத இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, இந்தச் சந்தேகம் அவனுக்கு இன்று நேற்று வந்ததில்லை. கிருபாகரன் செய்த வேலை அது. வீட்டில் வீடியோ கேம் வாங்கின கோடை விடுமுறையில் பெட்டியோடு ரெண்டு ரிமோட் வந்தது. ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு. நான் குள்ளன், நீ வௌவால், நல்லா அமுக்கு, நீ அமுக்கினாத்தான் வௌவால் பறக்கும் என்றான் அண்ணன். தயாளனும் நாக்கைத் துருத்திக்கொண்டு அமுக்கினான். இவன் இடது பக்கம் அமுக்கினால் சில சமயம் வௌவால் இடது பக்கம் போகும், அன்றைக்கெல்லாம் உச்சி குளிர்ந்துவிடும். போகாவிட்டால் நீ லேட்டா அமுக்கினே என்பான் அண்ணன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் எல்லாம் வௌவால் நான்தான் ஓட்டுறேன் என்று சொல்லிவைத்திருந்தான். லீவு முடியப் போகிற நேரத்தில், பெட்டிக்குப் பின்னால் உருண்டுபோன பென்சிலை எடுக்கக் குனிந்தபோது பார்த்தான், தன் ரிமோட்டின் வயர் எதிலும் சொருகாமல் பெட்டிக்கு அடியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவன் அழவில்லை. அண்ணனிடம் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் வயர் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் கேன் வந்தால் சீலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பான், கடையில் அவனைத் தாண்டி ஒரு வால்வு டியூப் வெளியே போகாது, முதலாளிக்கு அதில் ரொம்பத் திருப்தி. அண்ணன் பஹ்ரைனுக்குப் போய்விட்டான், போனில் பேசினால் பழைய கதையெல்லாம் பேசிச் சிரிப்பான், வௌவால் கதையை மட்டும் ரெண்டு பேருமே எடுப்பதில்லை. ஆக, ரெண்டு ஆள் ஆட்டம் என்று ஒன்றை அவன் ஆயுசில் ஆடினதே இல்லை. ஆடத் தெரியாதது பற்றித்தான் இவ்வளவு தெளிவாக இருந்தான் மனுஷன்.

வெங்காயச் சத்தம் மறுபடி நின்றது. கை கழுவுகிற சத்தம். சேலையில் துடைத்திருப்பாள். காலடி, செருப்பில்லாத காலடி, ஹால் பக்கம் வந்தது. தயாளன் குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். எடுக்காதே என்று ஒரு மனசு சொன்னது, உண்மையாகத்தான் சொன்னது, எடுக்காதே தாயே, நீ எடுக்காவிட்டால் நான் கண்டதையும் நினைத்த பாவத்துக்கு உனக்குத் தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். இன்னொரு மனசு எடு எடு என்றது. தட்டில் பூண்டு உருண்டது. அப்புறம் ஒரு நிசப்தம். அப்புறம் அந்த உதறல், எவர்சில்வரில் பட்டு, ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. கை வைத்துவிட்டாள். தட்டில் இருந்தபடியே போட்டுப் பார்க்கிறாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. விரல் தப்பிவிட்டதாக நினைத்திருப்பாள். இன்னொரு முறை, இந்தத் தடவை நிதானமாகப் போட்டிருப்பாள் போல, ரொம்ப நேரம் கழித்து வந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. தயாளனுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஸ்டோரில் ஒரு திருட்டைப் பிடித்தால் ரெண்டு நாளைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். இப்போது கவிழ்த்து வைத்திருந்த பழைய வாளியின் மேல் உட்கார்ந்தான். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவள் அங்கேயே நிற்கிறாளா, போய்விட்டாளா. அவன் குழாயை முழுதாக மூடினான். அடுப்படியிலிருந்து பேச்சுக்குரல், தணிந்த குரல், அவள் தன் போனில் யாரிடமோ பேசுகிறாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, கீழ்வீட்டு மிக்ஸி வேறு அந்த நேரம் பார்த்து உயிரை வாங்கியது. யாரிடம். வேறு யாரிடம். அவர் பூட்டிட்டார், கண்டுபிடிச்சிட்டார் போல இருக்கு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மிக்ஸி நின்றபோது சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். அப்புறம் பேச்சும் நின்றுவிட்டது.

ரெண்டு சொம்பு தண்ணீரை அவசரமாக ஊற்றிக்கொண்டு, சோப்புகூடப் போடாமல் வெளியே வந்தான். போன் தட்டில் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து இருந்தது, பூண்டுப் பல் மட்டும் ஒன்று தரையில். போனை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேட்டர்னைப் போட்டான். உதறியது. தன் பேட்டர்னைத் தானே தப்பாகப் போட்டுவிட்டு மறுபடி போட்டான், திறந்தது. சரி, பார்த்துவிடுவோம், எதுவரை ஆடியிருக்கிறார்கள், எத்தனை நாள் ஆடியிருக்கிறார்கள், ஆட்டத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். சிவப்புத் தொப்பி இருந்த கடைசிப் படத்தைத் தொட்டான். குகை வாசல் வந்தது. நீலத் தொப்பி நடுவில், சிவப்புத் தொப்பி இடது ஓரத்தில், துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில். நீலத்தை முன்னால் ஓட்டினான். வலது ஓரம்வரை ஓடியது, அங்கேயே நின்று காலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. குகை நகரவில்லை. தனியாக ஆடும்போது ஆள் ஓடினால் குகையும் கூடவே நகரும், அடுத்த இடம் வரும். இப்போது வரவில்லை. விரல் வழுக்குகிறதோ என்று துண்டில் துடைத்துக்கொண்டு அமுக்கினான். குதித்துப் பார்த்தான். வௌவால் வந்து அடித்தது, நீலம் விழுந்து மறுபடி எழுந்தது. சிவப்பு அசையவில்லை. அது நின்ற இடத்துக்கு வௌவாலும் இறங்காது, அதனால் சிவப்பு சாகவும் சாகாது. அப்போதுதான் புரிந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து நகர்ந்தால்தான் குகை நகரும். ஒருத்தன் அப்படியே நின்றால் மற்றவன் எவ்வளவு ஓடினாலும் இந்த ஒரு இடத்துக்குள்தான் ஓட வேண்டும். வேறு படத்தைத் தொட்டான், சிவப்பு அதே பாறைக்கு அடியில். இன்னொன்று, அதே இடம். எல்லாப் படத்திலும் அதே இடம். மேலே பார்த்தான், நீலத்துக்குக் கொஞ்சம் மார்க் ஏறியிருந்தது, சிவப்புக்கு ஒவ்வொரு படத்திலும் முட்டை. சிவப்புத் தொப்பியை யாரும் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. ஒரு வால்வு டியூபை விடாதவன், இதை நேற்று அவ்வளவு நேரம் பார்த்தும் பார்க்கவில்லை. கடைசியாக அந்தப் படம், ரெண்டும் உடம்பு ஒட்ட நின்ற படம். முன்னால் போக வழியில்லாமல் நீலம் திரும்பி வந்து சிவப்பைத் தள்ளிப் பார்த்திருக்கிறது. ஜெயசீலனும் இல்லை ஒருத்தனும் இல்லை. சுகந்தி தனியாக, இவன் குளிக்கிற நேரத்தில், வந்து வந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு, இந்தச் சிவப்பைத் தள்ளிக்கொண்டு. தயாளனுக்கு முகமெல்லாம் சூடானது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, தலையிலிருந்து தண்ணீர் போன் மேல் சொட்டுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். என்னிடம் கேட்டிருக்கலாமே பைத்தியக்காரி என்று நினைத்தான். கேட்கிற மாதிரி நான் இருந்தேனா என்று அடுத்த நினைப்பு வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனான்.

அவள் குக்கரை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சுகந்தி."

"ம்."

"போனை எடுத்தியா?"

"எடுத்தேன். தொறக்கல. மாத்திட்டீங்க போல." குரலில் கோபம் இல்லை, குக்கருக்குச் சொன்ன மாதிரி இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள்.

"குகை ஆடுனது நீயா?"

"நான்தான். வேற யாரு?" இப்போது திரும்பினாள். "தினமும் அதுக்குள்ள போயிடுறீங்க. எத்தனை நாளைக்குத்தான் வெளியில நின்னு கத்திக்கிட்டு இருக்கிறது. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் போய்ப் பார்க்கலாமேன்னுதான். ஒரு ஆளுன்னு போட்டிருக்கிறது உங்களோடது, அதத் தொட்டா உங்க ஆட்டம் கலைஞ்சிடுமோன்னு பயம். அதனால ரெண்டு ஆளுன்னு இருக்கிறதத் தொட்டேன். முதல் இடத்தையே தாண்ட முடியல."

"அந்தச் சிவப்புத் தொப்பியும் கூட வரணும். அது நகர்ந்தாத்தான் குகை நகரும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவன் பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்தான்."

"எனக்கும் இப்பத்தான் தெரியும்." சிரிக்கப் பார்த்தான். "எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"இன்னிக்குக் கேக்கறதாத்தான் இருந்தேன். தொறந்து கையில வெச்சுக்கிட்டு நிப்போம், குளிச்சிட்டு வந்ததும் காட்டுவோம், இத எப்படிங்க தாண்டுறதுன்னு கேப்போம், அப்படியே கிருஷ்ணகிரி விஷயத்தையும் பேசிடுவோம்னு." தரையில் கிடந்த வெங்காயத் தோலைக் குனிந்து பொறுக்கினாள். "நாளைக்குள்ள சொல்லணும். வேண்டாம்னு எழுதிக் கொடுத்திடலாம்னுதான் பாதி மனசு இருந்துச்சு."

"கிருஷ்ணகிரி எனக்குத் தெரியும்" என்றான்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். உங்ககிட்டச் சொன்னேன்னு ஜெயசீலன் மறுநாளே சொல்லிட்டாரு. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். போகாதேன்னு சொன்னாலும் சரி, போன்னு சொன்னாலும் சரி, வாயத் திறந்து ஒரு வார்த்தை. நீங்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க." தோலைக் குப்பைக் கூடையில் போட்டாள். "இன்னிக்குப் பூட்டிட்டீங்க."

நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னால், என்ன நினைத்தீர்கள் என்று கேட்பாள். அதைச் சொல்ல முடியாது. தயாளன் போனை நீட்டினான். "இந்தா, வா, ரெண்டு பேரும் ஆடலாம். எதிரெதிரே உட்கார்ந்து ஆடுற மாதிரி வெச்சுக்கலாம், நான் சிவப்பு" என்றான்.

அவள் போனைப் பார்த்தாள், வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க ஆபீஸ் சூப்பிரண்ட் மேடத்துக்குப் போன் பண்ணி, கிருஷ்ணகிரிக்குப் போறேன்னு சொல்லிட்டேங்க."

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க குளிச்சிட்டு இருந்தப்ப."

குக்கரில் ஆவி சீற ஆரம்பித்தது. அந்தத் தணிந்த குரல், மிக்ஸிக்கு அந்தப் பக்கம் கேட்ட பேச்சு, அதுதான். பேட்டர்ன் மூன்று முறை திறக்காமல் போனதற்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும். போகாதே என்று இப்போது சொல்லலாம். சொன்னால் மறுபடி போன் பண்ணி மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்னவோ, இன்னும் நாளை இருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான், சத்தியமாக நினைத்தான், நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சூப்பிரண்ட் மேடம் போனை எடுப்பாரா. எடுத்தாலும் ஆபீஸ் விஷயத்தைச் சிரித்துப் பேசுவாரா. சிரிப்பு மாதிரிக் கேட்டதே.

சுகந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாகப் பார்க்கிற முகம்.

"இப்பவும், பேசுனது மேடமா வேற யாராவதான்னுதான யோசிக்கிறீங்க?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.